மண்ணின் விலை யாருக்கு உரியது?



சென்ற பௌர்ணமியன்று பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலத்தைப் பற்றிப் பேசி முடித்து அமர்ந்தேன். கொடுக்கப்படாத பொருளை எடுக்கலாகாது என்பது அச்சீலம். அப்போது கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். முப்பது ஆண்டுகள் மூட்டை சுமந்து சேர்த்த இரண்டு லட்ச ரூபாயைக் கொடுத்து ஓர் அறை வாங்கினேன். இன்று அதே அறைக்கு நாற்பது லட்சம் தருகிறோம் என்கிறார்கள். சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்புகூட நான் அடிக்கவில்லை. மிகுதியான முப்பத்தெட்டு லட்சத்தை எனக்குக் கொடுத்தவர் யார்? கொடுத்தவர் யாரென்றே தெரியாத பொருளை நான் எடுத்துக்கொண்டால் அது சீலத்துக்கு உகந்ததா?" என்று கேட்டார். சிலர் நகைத்தனர். அவர் நகைக்கவில்லை.

அன்று நான் அவருக்குத் தக்க விடை கூறவில்லை. "உங்கள் உழைப்பின் பயன், ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லி அமர்த்திவிட்டேன். வீடு திரும்பும் வழியில் அந்த விடை பொய்யென்று என் மனமே சொல்லிற்று. அவர் உழைப்பு அந்த இரண்டு லட்சத்தில் முடிந்துவிட்டது. எஞ்சியது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. நான் கல்லூரி கண்டவன் அல்லன். நூற்பு எந்திரத்தின் முன் நின்று பிழைத்தவன். ஆயினும் இக்கேள்வியை ஒட்டிச் சில நூல்களைத் தேடிப் படித்தேன். என் அறிவுக்கு எட்டியதை ஈண்டு உங்கள் முன் வைக்கிறேன்.

ஆலை நிலத்தின் கதை

நம் கண்முன் நிகழ்ந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். மும்பையின் முதல் பஞ்சாலை 1850களில் தார்தேவில் எழுந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் பரேல், லால்பாக், வொர்லி, தாதர் முழுவதும் ஆலைகளாயின. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும், நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மக்கள் பிழைப்புத் தேடி இந்நகரத்துக்கு வந்தார்கள். 1982 சனவரி 18ஆம் நாள் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வெளியே வந்தனர். அதன்பின் ஆலைத்தொழில் பழைய நிலைக்கு மீளவே இல்லை.

அந்த வேலைநிறுத்தத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து, நலிந்து நின்ற ஆலை ஒன்றில் நான் பத்லித் தொழிலாளியாகச் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. காலையில் வாயிற்கதவருகே நிற்பேன்; ஆள் குறைந்தால் உள்ளே அழைப்பார்கள். நான் சேர்ந்த சில ஆண்டுகளில் அந்த ஆலையும் மூடப்பட்டது. எந்திரங்களைக் கழற்றிப் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்றார்கள். நூறாண்டு நூல் நூற்ற எந்திரத்துக்கு இரும்பு விலை. அந்த எந்திரம் நின்ற தரைக்கோ பொன் விலை! எங்கள் கைத்திறனுக்கு விலையே இல்லை. இதைக் கண்டபோது எனக்குக் கோபம் வந்தது, காரணம் விளங்கவில்லை. இன்று ஓரளவு விளங்குகிறது.

மும்பையின் ஆலை நிலங்கள் மொத்தம் ஏறத்தாழ 600 ஏக்கர். அவை விற்கப்படுமாயின் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கும், ஒரு பங்கு எளியோர் குடியிருப்புக்கும், ஒரு பங்கு உரிமையாளர்க்கும் செல்ல வேண்டும் என்னும் கருத்தில் 1991இல் விதி ஒன்று எழுதப்பட்டது. 2001இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடம் நின்ற இடத்தை விட்டு, வெற்றிடமாகக் கிடந்ததை மட்டுமே பங்கிட்டால் போதும் என்றாயிற்று. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2006இல் திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. இதற்கிடையே 2005இல் தேசிய ஜவுளிக் கழகம் தன் ஐந்து ஆலைகளின் நிலத்தை ஏலமிட்டு ஏறத்தாழ 2,020 கோடி ரூபாய் பெற்றது.

இப்பெருந்தொகையை உண்டாக்கியவர் யார்? ஆலை முதலாளி அல்லர். அவர் தொழிலே நசிந்திருந்தது. கட்டடமும் அன்று, அதை இடித்தெறிந்தார்கள். 1853இல் ஓடத் தொடங்கிய இருப்புப்பாதையும், 1892 முதல் தான்சா ஏரியிலிருந்து வந்த குடிநீரும், கடலைத் தூர்த்து ஏழு தீவுகளை ஒன்றாக்கிய தலைமுறைகளின் உழைப்பும், பள்ளிகளும், மருத்துவமனைகளும், சாலையைப் பெருக்குகிறவரும், சாக்கடையில் இறங்குகிறவரும், இவ்வூரில் வாழ்ந்தால் பிழைக்கலாம் என்று நம்பி வந்த கோடி மக்களும் சேர்ந்து அவ்விலையை உண்டாக்கினார்கள். அதே ஒரு ஏக்கரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலைவனத்தின் நடுவே வைத்தால் ஒரு குடம் தண்ணீரின் விலைகூடப் பெறாது.

இதனை அறிஞர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டனர். மனை வாடகையின்மேல் விதிக்கும் வரி தொழிலைக் குலைக்காது என்று ஆடம் ஸ்மித் 1776இல் எழுதினார். நிலவாடகை என்பது நிலக்கிழாரின் உழைப்பால் விளைவதன்று, இடத்தின் மேன்மையால் விளைவது என்று டேவிட் ரிக்கார்டோ 1817இல் விளக்கினார். இவர்கள் கற்றோருக்காக எழுதியவர்கள். எல்லோருக்கும் விளங்குமாறு எழுதியவர் அமெரிக்க நாட்டு ஹென்றி ஜார்ஜ். அவர் 1839இல் பிலடெல்பியாவில் பிறந்தார். பதினான்கு வயதுக்குள் பள்ளிப் படிப்பை நிறுத்திக் கப்பலில் வேலைக்குப் போனார், பின் அச்சுக்கோப்பவரானார். பசியை அறிந்தவர். கலிபோர்னியாவில் ஒருநாள் குதிரையில் செல்கையில், வண்டியோட்டி ஒருவரிடம் அங்கே நிலம் என்ன விலை என்று பேச்சுவாக்கில் கேட்டார். தொலைவில் மாடு மேய்ந்துகொண்டிருந்த வெற்றுநிலத்தைச் சுட்டி, ஏக்கர் ஆயிரம் டாலர் என்றார் வண்டியோட்டி. நகரம் வளரப்போகிறது என்னும் எதிர்பார்ப்பே அவ்விலை என்பதும், செல்வம் வளரும் இடத்தில் வறுமையும் வளர்வதற்குக் காரணம் இதுவே என்பதும் அப்போது தமக்குப் பளிச்சென்று விளங்கின என்று அவர் பின்னாளில் கூறினார். 1879இல் அவர் வெளியிட்ட 'முன்னேற்றமும் வறுமையும்' என்னும் நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. மற்ற வரிகளை எல்லாம் நீக்கி, நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி விதிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அக்கஞ்ஞ சூத்திரம் காட்டும் வழி

நம் மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ சூத்திரத்தை நினைவுகூருங்கள். வாசெட்டர், பாரத்துவாசர் என்னும் இருவருக்குப் பகவன் கூறிய வரலாறு அது. ஆதியில் நெல் தானே விளைந்தது. வேண்டியபோது வேண்டிய அளவு கொண்டுவந்து மக்கள் உண்டனர். சோம்பேறி ஒருவன் இரண்டு வேளைக்குச் சேர்த்துக் கொண்டுவந்தான். மற்றொருவன் இரண்டு நாளைக்கு, இன்னொருவன் நான்கு நாளைக்கு, எட்டு நாளைக்கு என்று சேர்த்தனர். சேமிப்புப் பெருகப் பெருக விளைவு குன்றியது. பிறகு வயலைப் பங்கிட்டு வரம்பு கட்டினர். வரம்பு கட்டியபின்னரே ஒருவன் தன் பங்கைக் காத்துக்கொண்டு பிறன் பங்கை எடுத்தான். அதிலிருந்து திருட்டும், பழிச்சொல்லும், பொய்யும், தண்டனையும் பிறந்தன. அப்போது மக்கள் கூடித் தம்முள் தக்கான் ஒருவனைத் தேர்ந்து, நீதியைக் காக்குமாறு வேண்டி, அதற்கு ஈடாக நெல்லில் ஒரு பங்கு தருவதாக ஒப்புக்கொண்டனர். அவனே மகாசம்மதன். வயல்களுக்குத் தலைவன் ஆதலின் கத்தியன் எனப்பட்டான்.

பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்கு இச்சூத்திரத்தை நாம் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். இதில் வேறொரு செய்தியும் உண்டு. நிலவுரிமை வானத்திலிருந்து இறங்கியதன்று. மக்களின் உடன்பாட்டால் ஆனது. வரியும் அவ்வாறே உடன்பாட்டால் ஆனது. வரம்பு கட்டியதனால் வந்த சச்சரவை நீக்கவே அரசு வந்தது. அரசுக்கான பங்கும் வயலிலிருந்தே தரப்பட்டது. நிலத்தை வேலியிட்டு வைத்திருப்பவர் அவ்வேலிக்காக மற்றவர்க்கு ஏதேனும் தரக் கடன்பட்டவர் என்னும் எண்ணம் இதனுள் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். இது என் கருத்தே. சூத்திரம் நகரமனையின் விலையைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விளைவில் பங்கு கேட்பதற்கும் நிலமதிப்பில் பங்கு கேட்பதற்கும் வேற்றுமை உண்டு என்பதையும் இங்கே கூறவேண்டும். அசோக மன்னர் தம் ஆட்சியின் இருபதாம் ஆண்டில் லும்பினிக்குச் சென்று, பகவன் பிறந்த அவ்வூரைப் பலி என்னும் வரியிலிருந்து விடுவித்தார். விளைவுப் பங்கையும் எட்டில் ஒன்றாக்கினார் என்று அங்குள்ள தூணின் கல்வெட்டுக்கு அறிஞர் பொருள் கொள்கின்றனர். மன்னரின் கருணை போற்றத்தக்கது. ஆயினும் விளைவில் பங்கு என்பது வியர்வையில் பங்கு. அதிகம் களையெடுத்தவன் அதிகம் தருகிறான். தரிசாகப் போட்டவன் ஒன்றும் தருவதில்லை. நிலமதிப்பு வரி இதற்கு நேர்மாறானது. நீ எவ்வளவு உழைத்தாய் என்று அது கேட்பதில்லை; ஊரார் உண்டாக்கிய இடமதிப்பில் எவ்வளவை நீ ஒருவனே பிடித்துவைத்திருக்கிறாய் என்று கேட்கிறது.

இன்றைய வரிகள் யாரை வருத்துகின்றன?

2017 சூலை முதல் நம் நாட்டில் சரக்கு சேவை வரி நடைமுறையில் இருக்கிறது. பிச்சையெடுப்பவரும் சோப்புக்கட்டி வாங்கும்போது அதைக் கட்டுகிறார்; கோடீசுவரரும் கட்டுகிறார். ஏழை தன் வருவாயில் பெரும்பகுதியைச் செலவிட்டுத் தீரவேண்டியவர்; ஆதலின் அவர் வருவாயில் பெரும்பகுதியை இவ்வரி தொடுகிறது. செல்வர் மிச்சம் பிடித்து மனையாக வாங்கிப்போடும் பணத்தை அது தொடர்ந்து தொடுவதில்லை.

வீடு கட்டுவோரைப் பாருங்கள். சிமெண்டுக்கு 28 விழுக்காடாக இருந்த வரி 2025 செப்டம்பரில்தான் 18 ஆகக் குறைக்கப்பட்டது. வீட்டை வாங்கிப் பதிவு செய்யும்போது முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். மெட்ரோ இரயிலுக்கென்று மும்பையில் 2022 முதல் அதன்மேல் மேலும் ஒரு விழுக்காடு. இது யாரிடம் வாங்கப்படுகிறது? வீடு மாறுகிறவரிடம், புதிதாகக் குடியேறுகிறவரிடம். இரயில் வருவதற்கு முன்பே வழியெங்கும் மனை வாங்கிப் போட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர், விற்காதவரை அந்த ஒரு விழுக்காட்டை அறியமாட்டார். மாநகராட்சியின் சொத்துவரி 2010 முதல் மூலதன மதிப்பை அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. அது ஓரளவு நல்ல மாறுதலே. ஆயினும் அதில் நிலமும் கட்டடமும் ஒன்றாகவே மதிப்பிடப்படுகின்றன. கட்டினவர் அதிகம் தருகிறார். கட்டாமல் விட்டவர் குறைவாகத் தருகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கில், நாட்டின் நகரங்களில் மட்டும் ஆளற்றுப் பூட்டிக்கிடந்த வீடுகள் ஒரு கோடிக்கும் மேல் என்று கண்டார்கள். அதே நகரங்களில் நடைபாதையில் உறங்குகிறவர்களை நாம் நாள்தோறும் தாண்டிச் செல்கிறோம்.

துணிக்கு வரி போட்டால் துணி குறையும், விலை ஏறும். வீட்டுக்கு வரி போட்டால் வீடு கட்டுவோர் குறைவர். கூலிக்கு வரி போட்டால் வேலை குறையும். நிலத்துக்கு வரி போட்டால் நிலம் குறையாது. அதை யாரும் ஆலையில் நெய்வதில்லை. வரிக்கு அஞ்சி அதை வேறூருக்குக் கொண்டு ஓடவும் முடியாது. பூட்டி வைத்திருப்பவர் ஒன்று பயன்படுத்த வேண்டும். அல்லது பயன்படுத்துகிறவருக்கு விட வேண்டும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். இது விளக்கத்துக்காக நான் கற்பித்த கணக்கு. அடுத்தடுத்து இரு மனைகள், ஒவ்வொன்றும் பத்துக் கோடி பெறும். ஒன்றில் நூறு குடும்பங்கள் மாடிமேல் மாடியாக வாழ்கின்றன. மற்றொன்றில் முள்வேலியும் ஒரு காவற்காரரும் மட்டுமே. நில மதிப்பில் நூற்றுக்கு ஒன்று வரி என்றால் ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்குப் பத்து லட்சம். முதல் மனையில் ஒரு குடும்பத்தின் பங்கு பத்தாயிரம். முள்வேலிக்காரர் பத்து லட்சத்தையும் தனியே கட்ட வேண்டும். நெருங்கி வாழும் எளியோரின் சுமை சிறிது. இடத்தை அடைத்துவைத்திருப்பவரின் சுமை பெரிது. வேறெந்த வரி இவ்வாறு பகிரும்?

எழும் ஐயங்கள்

முதல் ஐயம்: நிலக்கிழார் இவ்வரியை வாடகையில் ஏற்றிவிடமாட்டாரா? சிந்தித்துப் பாருங்கள். குடியிருப்பவரால் எவ்வளவு தர இயலுமோ அவ்வளவையும் அவர் இன்றே கேட்டுக்கொண்டிருக்கிறார். வரி வந்ததனால் குடியிருப்பவரின் கூலி உயரப்போவதில்லை; காலிமனைகளும் சந்தைக்கு வருமாதலின் போட்டிதான் கூடும். ஆகவே பொதுவாக அவர் ஏற்ற இயலாது. ஆனால் பழைய வாடகைச் சட்டத்தால் சந்தை விலைக்கும் மிகக் குறைந்த வாடகையில் இருப்போர் மும்பையில் பலர் உளர். அவர்களைக் காக்கச் சட்டம் வேண்டும். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

இரண்டாம் ஐயம்: கையில் காசில்லாத விதவை ஒருத்தி, விலையேறிய இடத்தில் பழைய வீட்டில் இருக்கிறாள்; அவளைத் துரத்துவதா? வேண்டியதில்லை. டென்மார்க்கில் நிலவரி நெடுங்காலமாக நடைமுறையில் உண்டு. அங்கே முதியோர் வரியைக் கடனாக நிறுத்திவைத்து, வீடு கைமாறும்போது செலுத்தலாம். நம் மாநகராட்சியும் 2022 சனவரி முதல் 500 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்குச் சொத்துவரி விலக்கு அளித்திருக்கிறது. மனமிருந்தால் வழி உண்டு.

மூன்றாம் ஐயம்: உழைத்த பணத்தைக் கொடுத்து மனை வாங்கியவனிடம் அதன் மதிப்பை எடுப்பது, கொடுக்கப்படாததை எடுப்பதாகாதா? இதுவே கடினமான கேள்வி. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்தால் அநீதியே. வாங்கியவர் குற்றவாளி அல்லர். அன்றிருந்த சட்டத்தின்படி வாங்கினார். ஆகவே இவ்வரி சிறுகச் சிறுக வளரவேண்டும். அது வளருமளவு நுகர்பொருள் வரியும் கட்டட வரியும் குறையவேண்டும். இனிமேல் ஏறும் மதிப்பையேனும் முதலில் தொடலாம். சீனத்தின் சுன் யாட்-சென், ஹென்றி ஜார்ஜின் கொள்கையைப் போற்றி ஒரு வழி கூறினார். நிலத்தின் விலையை உரிமையாளரே கூறட்டும். குறைத்துக் கூறினால் அரசு அவ்விலைக்கே வாங்கிக்கொள்ளும். கூட்டிக் கூறினால் அதற்கேற்ற வரியைக் கட்டட்டும் என்றார். 1947இல் நடைமுறைக்கு வந்து இன்று தைவானில் விளங்கும் அரசமைப்பில், உழைப்பாலும் முதலாலும் வராத நிலமதிப்பு உயர்வுக்கு வரி விதித்து அதனை மக்களுக்குப் பொதுவாக்க வேண்டும் என்ற விதி எழுதப்பட்டிருக்கிறது.

நான்காம் ஐயம் நம்மவருடையது, நெஞ்சைத் தொடுவது. "தலைமுறை தலைமுறையாக நிலமற்றுக் கிடந்தோம். இன்றுதான் ஒரு துண்டு கிடைத்தது. இன்றா வரி?" அன்பர்களே, நிலமதிப்பின் பெரும்பகுதி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். நம்மிடம் இருப்பது பத்தடி அறை. அந்தப் பத்தடியை நாம் இவ்வளவு விலை கொடுத்து வாங்க நேர்ந்ததே, மற்றவர்கள் நூறு ஏக்கரை அடைத்துவைத்ததனால்தான். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பத்தடி வாங்க வேண்டுமே. அப்போது இதே விலையேற்றம் அவர்களின் கழுத்தில் விழும். தந்தைக்கு வந்த இலாபம் மகனுக்குக் கடன்.

இரண்டு எச்சரிக்கைகள்

நல்ல கொள்கையும் தீய கைகளில் தீமையாகும் என்பதற்கு இம்மராட்டிய மண்ணிலேயே சான்று உண்டு. ரிக்கார்டோவின் வாடகைக் கொள்கையை நம்பிய கும்பினி அதிகாரி பிரிங்கிள் என்பவர், 1820களில் பூனா மாவட்டத்து வயல்களை அளந்து, விளைவில் செலவு போக நிற்பதில் 55 விழுக்காட்டை வரியாக விதித்தார். ஏட்டில் கணக்குச் சரியாக இருந்தது. மண்ணின் தரத்தைக் கண்டு சொன்ன கீழதிகாரிகளின் குறிப்போ பிழையும் பொய்யுமாக இருந்தது. இந்தாப்பூர் வட்டத்தில் உழவர்கள் வயலை விட்டு ஓடினர். 1835க்குப் பின் கோல்ட்ஸ்மிட், விங்கேட் என்பார் அளவையைப் புதிதாகச் செய்ய நேர்ந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டடத்தைவிட நிலத்துக்கு மிகுதியான வரி விதிக்கும் முறையைப் படிப்படியாக ஏற்று நெடுங்காலம் நடத்தியது. 2001இல் மறுமதிப்பீடு குழப்பமாக நிகழ்ந்ததனால் மக்கள் சினந்தனர், அம்முறையே கைவிடப்பட்டது. மதிப்பீடு நேர்மையாகவும், எல்லோரும் காணத் திறந்ததாகவும் இராவிட்டால் இவ்வரி நில்லாது.

இரண்டாவது, நம் அண்ணல் பாபாசாகேப் அம்பேத்கரின் எச்சரிக்கை. 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அவர் நிலத்தீர்வையைக் கண்டித்தார். வருமானம் இல்லாதவர் வருமானவரி கட்டவேண்டியதில்லை. ஆனால் உழவன், விளைந்தாலும் விளையாவிட்டாலும், ஒரு காணி உடையவனாயினும் ஆயிரம் காணி உடையவனாயினும், ஒரே வீதத்தில் தீர்வை கட்டவேண்டியிருப்பது எவ்விதத்தில் நீதி என்பது அவர் வாதத்தின் சாரம். இதனைக் காட்டி, நிலமதிப்பு வரி பாபாசாகேப்பின் கருத்துக்கு மாறானது என்று சிலர் கூறலாம். அவ்வாதத்தை நாம் ஒதுக்கிவிடலாகாது. மழையை நம்பும் வயலும், மெட்ரோ நிலையத்தின் வாயிலில் உள்ள மனையும் ஒன்றல்ல. வயலில் மண்ணின் மதிப்பு எது, உழவன் தலைமுறையாக இட்ட எருவின் மதிப்பு எது என்று பிரிப்பது அரிது. நகரமனையில் அவ்வளவு அரிதன்று. ஆகையால் சிற்றுழவரை விட்டு, நகரிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் துணிபு. 1947இல் அரசமைப்பு அவைக்கு அளித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் விண்ணப்பத்தில் பாபாசாகேப் விளைநிலம் முழுவதும் அரசுக்கே உரியதாக வேண்டும். அதனைச் சாதி சமய வேறுபாடின்றிக் குடிமக்கள் கூட்டாக உழவேண்டும். நிலக்கிழாரும் குத்தகைக்காரரும் நிலமற்ற கூலியும் இல்லாதொழிய வேண்டும் என்றார். வரியளவில் நிற்கும் இக்கொள்கையைவிட அது பன்மடங்கு முன்சென்றது. நிலம் ஒருசிலரின் பிடியில் இருக்கலாகாது என்னும் நோக்கம் இரண்டுக்கும் பொது.

நிலமதிப்பு வரி ஒன்றே அரசின் எல்லாச் செலவுக்கும் போதும் என்று ஹென்றி ஜார்ஜ் நம்பியதை நான் உறுதியாகக் கூறமாட்டேன். அவர் காலத்து அரசின் வேலை குறைவு. இன்று பள்ளி, மருத்துவம், ஓய்வூதியம் என்று அரசின் கடமை பெருகிவிட்டது. ஆயினும் உழைப்பின்மேலும் உணவின்மேலும் சுமத்தும் ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்பாக, உழைக்காமல் வந்த மதிப்பிலிருந்து அதனைப் பெற இயலுமா என்று கேட்பது ஆள்வோரின் கடமை. அதைக் கேட்கச் செய்வது நம் கடமை.

முதியவருக்கு விடை

இப்போது அம்முதியவரின் கேள்விக்குத் திரும்புகிறேன். பெரியவரே, அந்த முப்பத்தெட்டு லட்சத்தை உங்களுக்கு ஊரார் கொடுத்தனர். ஆனால் கொடுப்பதாக அறியாமலே கொடுத்தனர். நீங்கள் திருடவில்லை. அதை வாங்கி உங்கள் முதுமைக்கு வைத்துக்கொண்டால் எவரும் உங்களைப் பழிக்கமாட்டார்கள், நானும் பழிக்கமாட்டேன். ஏனெனில் என் அறைக்கும் அவ்வாறே விலை ஏறியிருக்கிறது. அதைக் கேட்ட நாளில் நானும் உள்ளூர மகிழ்ந்தேன். என் ஆலையின் நிலத்தை விற்றவரைக் கண்டு கோபப்பட்ட அதே மனம், என் அறையின் விலையைக் கேட்டு மகிழ்ந்தது. இதை உணர்ந்தபோது வெட்கப்பட்டேன்.

சீலம் என்பது பிறரை அளக்கும் கோல் மட்டுமன்று. நம்மையும் அளக்க வேண்டியது. பெருநிலக்காரரிடம் ஊராரின் பங்கைக் கேட்கும் நாம், நம் சிற்றறையிலும் ஊராரின் பங்கு சிறிது உண்டு என்று ஒப்புக்கொண்டால்தான் நம் சொல்லுக்கு வலிமை வரும். அப்பங்கைச் சட்டம் எல்லோரிடமும் அளவறிந்து பெற்று, தண்ணீராகவும் பள்ளியாகவும் மருந்தாகவும் எல்லோருக்கும் திருப்பித் தருமானால், அதனைக் கொள்ளை என்று நாம் முறையிடலாகாது.

அனாதபிண்டிகர் ஜேதவனத்தை வாங்கிய கதை உங்களுக்குத் தெரியும். நிலமெங்கும் பொற்காசு பரப்பினாலன்றித் தரமாட்டேன் என்றார் இளவரசர் ஜேதர். காசு பரப்பப்பட்டது, வாயிலருகே சிறு இடம் எஞ்சியது. அப்போது இளவரசரே தடுத்து, அவ்விடத்தைத் தாமே தருவதாகக் கூறி, அங்கே ஒரு வாயில்மாடமும் எழுப்பினார். விலை சொன்ன வாயே இறுதியில் விலையில்லை என்றது. அவ்வாயில் வழியாகவே மக்கள் தம்மம் கேட்கச் சென்றார்கள்.

அடுத்த பௌர்ணமியன்று அப்பெரியவர் வருவார் என நம்புகிறேன். அன்று சொல்லத் தவறிய விடையை இக்கட்டுரையாகவே அவர் கையில் தருவேன். அவர் இன்னொரு கேள்வி கேட்பாராயின், அதையும் நாம் சேர்ந்து சிந்திப்போம்.